பானையில் தொடங்கட்டும் புதுவருடம்

புதுவருடம் பிறக்கப் போகிறது என்றால் எம்மவர் வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, தமிழ்க் கடையில் சாமான் வாங்கும்போது கிடைத்த கலண்டர் சுவரில் ஏறும். மற்றது, "இந்த வருசத்திலையிருந்து..." என்று தொடங்கும் ஒரு சபதம் வீட்டில் யாராவது ஒருவரின் வாயிலிருந்து புறப்படும். சோற்றைக் குறைக்கிறேன், தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டேன், நாளைக்கு விடிய எழும்பி நடக்கப் போகிறேன், சிகரெட்டைக் கையாலும் தொடேன். கலண்டர் பன்னிரண்டு மாதமும் சுவரில் தொங்கும். சபதம் பொங்கல் மட்டும் தாக்குப் பிடித்தாலே பெரிய காரியம்.

மற்றவர்களைப் பகிடி பண்ணுவதற்காக இதை எழுதவில்லை. லிட்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அதனால் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு சிறிய பாடத்தை, அண்மையில் இந்நாட்டுக்கு வந்து குடியேறிய குடும்பங்களுடன் பகிர்ந்து கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தனிச் சட்டி

என் கணவருக்கு இரவு வேலை. குளிர்க்களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குபவர். இரவு ஒன்பது மணிக்குப் போனால் விடிய ஆறு மணிக்கு வருவார். வந்ததும் ஒரு கோப்பை நிறையச் சோறும் கறியும். அடுத்து படுக்கை. வேலையிடத்தில் கண் அயராமல் இருக்க இரண்டு ரின் சோடா, நாலு தேத்தண்ணி. இப்படியே ஐந்து வருடங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு டிசம்பர் மாதத்தில் கண் மங்குகிறது என்றார். கண்ணாடி போட்டால் சரி என்றுதான் இருவரும் நினைத்தோம். கண் பரிசோதித்தவர் முதலில் வைத்தியரிடம் போய் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சோதித்ததில் சலரோகம் என்று தெரிந்தது. எத்தனை வருடமாக உடம்பில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நான் அவருக்குத் தனிச் சமையல் தொடங்கினேன். எங்களுக்குச் சோறு, அவருக்குக் குரக்கன் புட்டு. எங்களுக்குப் பொரித்த மீன், அவருக்கு அவித்த மீன். பிள்ளைகளுக்குக் கேக், அவருக்கு வெள்ளரிக்காய். மூன்று கிழமை மனுசன் ஒன்றும் பேசவில்லை. நாலாம் கிழமை கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நானென்ன தீண்டத்தகாத வருத்தக்காரனே? ஒரு வீட்டிலை எனக்கு மட்டும் ஏன் தனிச் சட்டி வைக்கிறீர்?" அடுத்த நாள் காரைத் துடைக்கப் போன எனக்கு இருக்கைக்கு அடியில் வெறும் சோடா ரின்களும் மிக்சர் பைகளும் கிடைத்தன.

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது அவரில் பிழை இல்லை என்று பட்டது. ஒரே பானையில் சமைத்து ஒரே நேரத்தில் சுற்றியிருந்து சாப்பிட்டு வளர்ந்த சனம் நாங்கள். அதில் ஒருவரை மட்டும் தனியே இருத்தினால் அது அவருக்குத் தண்டனையாகவே தெரியும். மருந்தாகத் தெரியாது. அன்றைக்குத் தனிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மாற்றுவதென்றால் முழு வீட்டுக்கும் பொதுவான பானையை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

ஏன் எமக்கு?

"ஊரிலை எங்கடை ஆச்சி தொண்ணூறு வயசு மட்டும் சோறும் மீனும் சாப்பிட்டுத்தானே இருந்தவ" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆச்சி அந்தச் சோற்றைச் சாப்பிட முன்னர் கிணற்றில் தண்ணீர் அள்ளினா, உரலில் இடித்தா, கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து போய் வந்தா. எங்கள் அப்பாமார் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். உடற்பயிற்சி என்ற பெயர் இல்லாமலே உடம்பு பயிற்சி செய்தது. இங்கே காரும் ரயிலும் லிப்ற்றும் எங்களைச் சுமக்கின்றன. கோப்பையில் மட்டும் ஆச்சி காலத்து அளவு.

இலங்கையில் 2005-2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதமானோருக்குச் சலரோகம் இருந்தது தெரியவந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே இருந்தனர். இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அந்த ஆய்வு நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கிலே நாங்கள் இல்லை.

தென்னாசிய உடம்புக்கு வேறொரு குணமும் உண்டு. வெள்ளைக்காரரோடு ஒப்பிடும்போது, பார்வைக்கு மெலிந்தவராக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும். அதனால்தான் 2004 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்குக் குறைந்த எல்லையொன்றைச் சொன்னது. பொதுவாக உடற்பருமன் குறியீடு 25 ஐத் தாண்டும்போதுதான் கவனிக்கச் சொல்வார்கள். எமக்கு 23 இலேயே கவனம் வேண்டும். 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இது ஏறக்குறைய 63 கிலோ. இடுப்புச் சுற்றளவு தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் கீழே இருக்க வேண்டும். தையல் நாடா இருந்தால் இன்றைக்கே அளந்து பார்க்கலாம்.

எமது அனுபவமும் இதில் சேர்ந்திருக்கிறது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற தாய், இன்று லிட்கத்தில் தன் பிள்ளையின் கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனம் பதைக்கிறாள். "சாப்பிடு ராசா, இன்னும் கொஞ்சம்" என்று அவள் கெஞ்சுவதற்குப் பின்னால் இருப்பது பழைய பசி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. பசி உடம்பிலும் தடம் விட்டுப் போகும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைச் சமாளிக்கும் சக்தி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பஞ்சமும் யுத்தமும் கண்ட சமூகம் இந்த விடயத்தில் கூடுதல் கவனமாக இருப்பதே புத்தி.

சென்னையில் கண்ட உண்மை

இதையெல்லாம் வாசித்துவிட்டு "எல்லாம் தலைவிதி" என்று சோர்ந்துவிடாதீர்கள். எம்மைப் போன்றவர்களிடமே செய்து பார்த்த ஒரு பரிசோதனை இருக்கிறது. சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், சலரோகத்தின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்துக் கொண்டார்கள். சராசரி வயது ஏறக்குறைய 46. அவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவும் நடையும் பற்றிய ஆலோசனை. மூன்றாவது பிரிவுக்கு மெற்போமின் என்ற குளிசை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

முடிவு 2006 இல் வெளியானது. மூன்று வருடத்தில், ஒன்றும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் சலரோகத்துக்குள் போய்விட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் இது 39 பேர். குளிசை எடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் செய்த பிரிவுக்கும் அதற்கு மேலே நன்மை கிடைக்கவில்லை. நடையும் உணவும் குளிசைக்குச் சமமாக வேலை செய்தன என்றுதான் இதற்கு அர்த்தம்.

அவர்கள் பெரிய தவம் ஒன்றும் செய்யவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் விரைவாக நடந்தார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்தவர்களுக்கு அதைத் தொடர்ந்தாலே போதும் என்று சொல்லப்பட்டது. தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தார்கள், சீனியைத் தவிர்த்தார்கள், நார்ச்சத்து உள்ளவற்றைச் சேர்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்களின் நிறை குறையவே இல்லை. ஆயினும் நோய் குறைந்தது. தராசில் ஏறி முள் அசையவில்லை என்று இரண்டாம் கிழமையே நடையைக் கைவிடும் அன்பர்கள் இதை மனதில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

பானையில் என்ன மாற்றினோம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக் கொண்டோம்.

முதல் மாதம் சீனி. ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்றால் பத்துத் தேக்கரண்டி. அதாவது 40 கிராம். 375 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றிலும் அதே 40 கிராம்தான். ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் சீனி 25 கிராம் அளவில், அதாவது ஆறு தேக்கரண்டியில் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நாங்கள் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தோம். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. சோடாவை வீட்டுக்குள் கொண்டு வருவதை நிறுத்தினோம். சிட்னியில் குழாய்த் தண்ணீரைப் பயமின்றிக் குடிக்கலாம். போத்தலில் நிறைத்துத் தேசிக்காய்த் துண்டு போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக் குடிப்பார்கள்.

இரண்டாம் மாதம் அரிசி. கோப்பையில் சோற்றைக் குறைத்தால் "போதாது" என்று மறுபடி பானையைத்தான் தேடுவோம். ஆகவே பானையிலேயே குறைத்தேன். நாலு கப் போடும் ரைஸ் குக்கரில் மூன்று கப். குறைந்த ஒரு கப்பின் இடத்துக்கு ஒரு மரக்கறி கூட. கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ. வெள்ளை அரிசியைவிடத் தவிட்டோடு கூடிய சிவப்பரிசி நல்லது. ஆனால் ஒன்று: குரக்கனும் சிவப்பரிசியும் மருந்தல்ல. அவையும் மாப்பொருள்தான். "குரக்கன்தானே" என்று மூன்று நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

மூன்றாம் மாதம் எண்ணெயும் உப்பும் தேங்காய்ப்பாலும். பொரியலைக் கிழமையில் ஒரு நாளுக்கு ஒதுக்கினோம். கறிக்கு ரின்னிலிருந்து கெட்டிப்பாலை அப்படியே கொட்டாமல் கப்பிப்பால் அளவுக்குத் தண்ணீர் கலந்தேன். சொதியும் அப்படியே. உப்பு ஒருவருக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு மேலே போகக்கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே நாளில் மேசைக்கு வந்தால் அந்தக் கணக்கு எங்கோ போய்விடும்.

கடையில் பெட்டி, ரின் சாமான் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு வரிசை இருக்கும். சீனி 15 கிராமுக்குக் கீழும், சோடியம் 400 மில்லிகிராமுக்குக் கீழும் இருந்தால் பரவாயில்லை. ஆங்கிலம் வராவிட்டாலும் இலக்கம் எல்லோருக்கும் தெரியும்தானே.

"மரக்கறி விலை கூடவல்லோ" என்பது அடுத்த முறைப்பாடு. லிட்கத்திலிருந்து ரயிலில் ஒரு தரிப்பிடம் தள்ளி பிளெமிங்டன். சனிக்கிழமை காலை அங்குள்ள சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சுப்பர்மார்க்கற்றில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கத் தேவையில்லாத சாமானுக்குக் கொடுக்கும் காசுக்கு, அங்கே இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும். மூடும் நேரம் நெருங்க விலை இன்னும் இறங்கும். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பங்கு போடலாம். கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணி, கீரை எல்லாம் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும்.

நடக்க இடமா இல்லை?

பதினெட்டு வயது தொடக்கம் அறுபத்து நான்கு வயது வரையானோர் கிழமைக்கு இரண்டரை மணி நேரமாவது மூச்சுச் சற்று வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்பது இந்நாட்டின் வழிகாட்டல். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை இரத்தத்தில் சீனி ஏறுவதைத் தணிக்கும்.

ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. லிட்கத்தில் வயட் பார்க் இருக்கிறது. ஓபர்னில் யப்பானியப் பூந்தோட்டத்தோடு கூடிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. லிட்கம் நிலையத்திலிருந்து ஒலிம்பிக் பார்க்குக்கு நேரே ரயில் ஓடுகிறது. அங்கே 1988 இல் திறக்கப்பட்ட பைசென்ரெனியல் பார்க்கில் சதுப்பு நிலத்தையும் கண்டல் மரங்களையும் பார்த்தபடி நடக்கலாம். களப்புக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

ஜனவரி வெயிலில் மட்டும் கவனம். சூரியன் ஆறு மணிக்கு முன்னரே உதித்துவிடும், மறைய எட்டு மணி தாண்டும். ஆகவே விடிகாலையோ, பின்னேரம் ஆறரைக்குப் பிறகோ நடவுங்கள். தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். தனியே போகத் தயங்கும் பெண்கள் ஒரே தெருவில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொள்ளலாம். நானும் பக்கத்துத் தெரு அக்காவும் அப்படித்தான் தொடங்கினோம். நான் போகாவிட்டால் அவ வந்து கதவைத் தட்டுவா. அந்தத் தட்டுத்தான் எனக்குச் சபதம்.

இரத்தத்தைச் சோதியுங்கள்

நாற்பது வயது தாண்டியவர்கள், தாய் தகப்பனுக்குச் சலரோகம் உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி ஏறிய பெண்கள், இவர்கள் புதுவருடத்தின் முதல் வேலையாக வைத்தியரிடம் போய் இரத்தத்தைச் சோதிக்கக் கேட்க வேண்டும். ஊரில் சீனியை மில்லிகிராமில் சொல்வார்கள், இங்கே மில்லிமோலில் சொல்வார்கள். இலக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெறும் வயிற்றில் ஊர்க்கணக்கில் 126 என்பது இங்கே 7. "ஏழுதானே, குறைவு" என்று சந்தோசப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அது சலரோகத்தின் எல்லைக்கோடு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி என்ற சோதனையில் 6.5 சதவீதம் எல்லைக்கோடு.

மனிதாபிமான விசாவில் வந்தவர்களுக்கு, வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு தடவை முழுமையான சுகாதாரப் பரிசோதனை செய்ய மெடிக்கெயரில் ஏற்பாடு உண்டு. வைத்தியரிடம் கேட்டுச் செய்து கொள்ளுங்கள். மொழி தெரியாது என்று பின்நிற்க வேண்டாம். 131 450 என்ற இலக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வைத்தியர் அழைத்தால் அவருக்கும் இலவசம், உங்களுக்கும் இலவசம். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போய் அம்மாவின் வருத்தத்தை மொழிபெயர்க்கச் சொல்வது பிள்ளைக்கும் பாரம், தாய்க்கும் வெட்கம்.

ஏற்கெனவே குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைக்கவோ விரதம் பிடிக்கவோ முன்னர் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சீனி அளவுக்கு மீறி இறங்கினால் ஆபத்து. பாவற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று குளிசையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அட்டை இல்லாத அண்ணர்

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2012 இல் படகில் வந்தவர், எங்களுக்கு அண்ணர் முறை. வருடக்கணக்காக இணைப்பு விசாவில் இருந்தவர். ஒரு கட்டத்தில் மெடிக்கெயர் அட்டை காலாவதியானது. காலில் சிறு புண் வந்தது. காட்டச் சொல்லி என் கணவர் கெஞ்சினார். "தம்பி, பில் வந்தா ஆர் கட்டுறது? ஊருக்கு அனுப்பவே காணாது" என்று மஞ்சள் பூசிக் கட்டிக் கொண்டு வேலைக்குப் போனார். சலரோகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. வைத்தியசாலைக்குத் தூக்கிப் போன நாளில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

அன்று அவருக்குத் தெரியாததை இன்று நீங்கள் தெரிந்து கொள்ளுங்கள். அடைக்கலம் கோரி மெடிக்கெயர் இல்லாமல் இருப்பவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் அரச வைத்தியசாலைகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு உண்டு. விசாக் கடிதத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். நியூரவுனில் உள்ள அடைக்கலம் கோருவோர் நிலையத்தில் அவர்களுக்கென்றே சுகாதாரக் கிளினிக் நடக்கிறது. உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும், வாடகை அறையில் தனியே இருக்கும் அண்ணர்மாருக்கு இதைச் சொல்லுங்கள். சலரோகம் உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் பாதத்தைப் பார்க்க வேண்டும். தனியே இருப்பவருக்கு அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு சிறு கண்ணாடி போதும்.

போத்தலும் மனப்பாரமும்

வெள்ளிக்கிழமை இரவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மச்சான், ஒண்டு போடு" என்று தொடங்குவது எங்கே முடியும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இந்நாட்டின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் கிழமைக்குப் பத்து அளவுக்கு மேலும் ஒரே நாளில் நாலு அளவுக்கு மேலும் குடிக்கக் கூடாது. குடியாமலே இருந்தால் இன்னும் நல்லது. புகைப்பதை விட விரும்புபவர்கள் 13 7848 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஆனால் பலர் ருசிக்காகக் குடிப்பதில்லை, நித்திரைக்காகக் குடிக்கிறார்கள். கண்ணை மூடினால் பழையது வருகிறது. விசா முடிவைக் காத்து வருடங்கள் போகின்றன. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோருக்கு நிரந்தர வழி அறிவிக்கப்பட்டபோதும், அதற்குள் அடங்காமல் வெளியே நின்றவர்கள் உண்டு. இந்த மனநிலையில் இருப்பவரிடம் "சோற்றைக் குறை, நட" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. 1988 தொடக்கம் இயங்கும் ஸ்ராற்ஸ் என்ற நிறுவனம், சித்திரவதையும் யுத்தமும் கண்ட அகதிகளுக்கு மனஆறுதலும் ஆலோசனையும் இலவசமாக வழங்குகிறது. அங்கே போவது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பதாகாது. காலில் புண் வந்தால் காட்டுவது போலத்தான் இதுவும்.

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

இங்குள்ள பல ஆரம்பப் பாடசாலைகளில் காலையில் பழமோ மரக்கறியோ கடித்துத் தண்ணீர் குடிக்க என்று ஒரு சிறிய இடைவேளை உண்டு. அதற்கு ஒரு தோடம்பழமோ கரட் துண்டோ கட்டிக் கொடுங்கள். பிஸ்கற் பைக்கற் வேண்டாம். பிறந்தநாள் வீடுகளில் றோல்ஸ், பற்றிஸ், வடை, கேக் என்று அடுக்கும் மேசையில் ஒரு பெரிய தட்டில் வத்தகப்பழமும் வெட்டி வையுங்கள். முதலில் முடிவது அதுவாகத்தான் இருக்கும். "மிச்சம் வைக்காமல் சாப்பிடு" என்று வற்புறுத்துவதற்குப் பதிலாகக் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமென்றால் கேட்கச் சொல்லுங்கள். இந்த நாட்டில் நாளைக்கும் சோறு இருக்கும் என்பதை எங்கள் கையும் மெல்லப் பழக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன். தனிச் சட்டியைக் கவிழ்த்து ஒரு வருடத்தின் பின் என் கணவரின் எச்.பி.ஏ.1.சி 8.4 இலிருந்து 6.9 க்கு வந்தது. குளிசை தொடர்கிறது. நிறை இரண்டு கிலோதான் குறைந்தது. இடையில் இரண்டு கலியாண வீடும் ஒரு நத்தாரும் வந்து நாங்கள் பலமுறை சறுக்கினோம். திங்கட்கிழமை வந்ததும் மறுபடி மூன்று கப் அரிசிக்குத் திரும்பினோம். காரின் இருக்கைக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை. நான் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறேன்.

இந்நாட்டவருக்கு வருடத்தில் ஒரு புதுவருடம்தான். ஜனவரி முதலாம் திகதி எடுத்த சபதம் உடைந்தால் அடுத்த வருடம் மட்டும் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு கிழமையில் தைப்பொங்கல் வரும். அதுவும் தவறினால் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு இருக்கிறது. பொங்கலுக்குச் சர்க்கரையைச் சற்றுக் குறைத்துப் பயறு கூடப் போட்டுப் பொங்குங்கள். சூரியனுக்குப் படைத்துவிட்டு, ஆளுக்கொரு சிறு கிண்ணம் பகிர்ந்து உண்டு, வீட்டோடு சேர்ந்து பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

வாசகர்கள் அனைவருக்கும் சுகமான புதுவருட வாழ்த்துக்கள்.